ஆளில்லாத கடலில் ஒரு வீட்டை இறக்குவது எப்படி?

1986 மார்ச் 15 அன்று சோயூஸ் டி-15 விண்கலம் சோவியத் ஒன்றியத்தின் மீர் விண்வெளி நிலையத்தோடு போய் இணைந்தது. மீர் ஏவப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவர்கள் லியோனித் கிசிம், விளாதிமிர் சொலோவியோவ் என்ற இருவர். அந்தப் புது வீட்டில் முதன்முதலாகக் குடியேறியவர்கள் அவர்கள்தான்.

பதினைந்து ஆண்டுகள் ஓடின. 2001 மார்ச் 23 அதிகாலை, அதே சொலோவியோவ் மாஸ்கோவை ஒட்டிய கரலியோவ் நகரின் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தார். இப்போது அவர் மீரின் ஃப்ளைட் டைரக்டர், அதாவது தரையிலிருந்து அதை இயக்கும் குழுவின் தலைவர். தான் முதலில் நுழைந்த வீட்டைத் தன் குழுவைக் கொண்டே பசிபிக் பெருங்கடலில் இறக்குவதுதான் அன்றைக்கு அவருடைய வேலை.

130 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றை, நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போய்க்கொண்டிருப்பதை, யார் தலையிலும் விழாமல் குறித்த கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? இதற்கு டீஆர்பிட் என்று பெயர். சுற்றுப்பாதையிலிருந்து இறக்குவது என்று அர்த்தம். இதில் பெரிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று விஷயங்கள் பிடிபட்டால் போதும், அந்த அறையில் இருந்தவர்கள் எதற்காக அத்தனை மாதம் கவலைப்பட்டார்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

முதல் விஷயம் இது. விண்வெளி நிலையம் விழாமல் மேலே நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒவ்வொரு நொடியும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமியின் ஈர்ப்பு 400 கிலோமீட்டர் உயரத்திலும் கிட்டத்தட்ட இங்கே இருக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆனால் நிலையம் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாக ஓடுவதால், அது கீழே விழுகிற அளவுக்குப் பூமியின் உருண்டையும் வளைந்து விலகிப் போய்விடுகிறது. விழுகிறது, ஆனால் தரை வந்து சேர்வதில்லை. இப்படியே சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று.

அப்படியானால் அதை இறக்க, கீழ்நோக்கித் தள்ள வேண்டியதில்லை. முன்னால் ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். எவ்வளவு? 220 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற ஒரு நிலையத்தின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,800 மீட்டர். அதில் சுமார் 50 மீட்டரைக் குறைத்தால் காற்று மண்டலத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வேகத்தை எல்லாம் காற்றே பிடித்து நிறுத்திவிடும்.

இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பிரேக் போட்ட இடத்தில் நிலையம் தாழாது. பூமியின் நேர் மறுபக்கத்தில், அரைச் சுற்று கழித்துத்தான் தாழும். ஆப்பிரிக்காவின் மேலோ அரேபியாவின் மேலோ எஞ்சினைக் கொளுத்தினால் விளைவு பசிபிக்கில் தெரியும். எங்கே விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எங்கே எப்போது எஞ்சினைப் பற்றவைப்பது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

சும்மா விட்டால் தானாக விழாதா என்று கேட்கலாம். விழும். 400 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லியதாகக் காற்று இருக்கிறது. அது ஓயாமல் உரசுவதால் நிலையம் நாளுக்கு நாள் இறங்கும். அதனால்தான் இப்போதுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தை அவ்வப்போது எஞ்சின் கொளுத்தி மேலே தூக்கிவிடுகிறார்கள். தூக்குவதை நிறுத்தினால் ஒருநாள் தானாகவே வந்து விழும். எங்கே விழும் என்பதை மட்டும் அது சொல்லாது.

சும்மா விட்டபோது நடந்தது

1973இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் எடை 77 டன். கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் கிளம்பி வந்துவிட்டது. பின்னால் வரப்போகும் ஷட்டில் விண்கலத்தைக் கொண்டு அதை மேலே தூக்கிவிடலாம் என்று யோசனை இருந்தது. ஆனால் ஷட்டில் தயாராக 1981 ஆகிவிட்டது. அதற்குள் சூரியன் எதிர்பார்த்ததைவிடச் சீறியது. சூரியன் சீறினால் பூமியின் மேல் காற்று மண்டலம் சூடாகி உப்பும். உப்பினால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கூடும், உரசலும் கூடும். ஸ்கைலாப் கணக்கைவிட வேகமாக இறங்கியது.

கீழே இழுத்துப்போட அதில் பெரிய எஞ்சின் கிடையாது. நாசா பொறியாளர்கள் கையில் இருந்ததெல்லாம் அதன் நிலையைத் திருப்புகிற வசதி மட்டும்தான். காற்றுக்கு அகலமாகக் காட்டினால் உரசல் அதிகம், ஒடுக்கமாகக் காட்டினால் குறைவு. இதை வைத்தே விழும் இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளப் பார்த்தார்கள். கடைசிச் சுற்றில், வட அமெரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கடலில் விழட்டும் என்று அதை உருளவிட்டார்கள். பெருமளவு பலித்தது. ஆனால் நிலையம் அவர்கள் நினைத்ததைவிடத் தாமதமாக, இன்னும் கீழே வந்த பிறகே உடைந்தது. அதனால் துண்டுகள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் பகுதி வரை சிதறின. 1979 ஜூலை 11. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

அந்த நாட்களில் இந்தியாவிலும் பயம் பரவியது. ஸ்கைலாப் நம் தலைக்கு மேலும் போய்வந்துகொண்டிருந்ததால் போலீஸைத் தயார் நிலையில் வைத்தார்கள். வீட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் இருந்தால் ஸ்கைலாப் என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கே ஒரு நினைவு இருக்கும்.

அடுத்து சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையம். இதுதான் சொலோவியோவின் வாழ்க்கையோடு நேரடியாகச் சேர்ந்தது. 1984இல் அவர், கிசிம், ஒலெக் அட்கோவ் மூவரும் அதில் 237 நாள் வாழ்ந்தார்கள். சொலோவியோவும் கிசிமும் ஆறு முறை வெளியே மிதந்து, பழுதான எரிபொருள் குழாயைச் சரிசெய்தார்கள். 1986இல் மீரைத் திறந்துவைத்த கையோடு, அங்கிருந்தே சோயூஸில் பறந்து பழைய சல்யூட்டுக்குப் போய், அங்கேயும் வேலை பார்த்துவிட்டு, சில கருவிகளையும் எடுத்துக்கொண்டு மீருக்குத் திரும்பினார்கள். ஒரு நிலையத்திலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போன முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

அதன் பிறகு சல்யூட் 7ஐ உயரமான பாதைக்குத் தூக்கிவைத்தார்கள். பல ஆண்டு தாங்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். மறுபடி சூரியன்தான் குறுக்கே வந்தது. 1991 பிப்ரவரி 7 அன்று, இறக்குவதற்குப் போதிய எரிபொருள் இல்லாமலே அது விழுந்தது. துண்டுகள் அர்ஜென்டினாவில் ஊர்களை ஒட்டிக் கிடந்தன. அங்கேயும் உயிர்ச்சேதம் இல்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பொறியியல் அதிர்ஷ்டத்தை நம்பி உட்காரக் கூடாது.

தான் இருந்து வாழ்ந்த ஒரு நிலையம் தன்னிஷ்டத்துக்கு விழுந்ததைப் பார்த்த ஒருவர்தான், பத்து ஆண்டு கழித்து இன்னொன்றை இறக்கும் பொறுப்பில் உட்கார்ந்தார். மீரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

சாய்வுதான் எல்லாம்

குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்வாக எறிந்து, தத்தித் தத்திப் போகவிட்டு விளையாடியிருப்பீர்கள். தாழ்வாக, தண்ணீரோடு உரசுகிற மாதிரி எறிந்தால் சில்லு எங்கே மூழ்கும் என்று சொல்லவே முடியாது. செங்குத்தாகப் போட்டால் போட்ட இடத்திலேயே மூழ்கும். விண்வெளி நிலையத்துக்கும் காற்று மண்டலம் அந்தக் குளம் மாதிரிதான். தானாக இறங்குகிற நிலையம் ஏறக்குறைய படுத்தவாறு காற்றுக்குள் நுழைகிறது. எந்தக் கணத்தில் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதில் சில நிமிடம் முன்பின் ஆகலாம். ஒரு நிமிடப் பிழை என்றால் தரையில் 460 கிலோமீட்டர். சென்னை என்று கணக்குப் போட்டது மதுரையில் போய் விழும்.

அதனால் கடைசித் தள்ளு பலமாக, ஒரே மூச்சில் இருக்க வேண்டும். நிலையம் காற்றுக்குள் முடிந்தவரை செங்குத்தாக நுழைய வேண்டும். முழுச் செங்குத்து முடியாத காரியம். ஓரிரண்டு டிகிரிச் சாய்வே பெரிய விஷயம். அப்போதும் துண்டுகள் ஒரே இடத்தில் விழாது. கனமான, அடர்த்தியான துண்டு தூரமாகப் போகும். லேசான தகடு முன்னாலேயே விழுந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒடுக்கமான ஒரு பட்டையாகச் சிதறும். அந்தப் பட்டை முழுவதும் ஆளில்லாத இடத்தில் பொருந்த வேண்டும்.

அவ்வளவு நீளமான ஆளில்லாத இடம் பூமியில் ஒன்றுதான் இருக்கிறது. நியூசிலாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே தென் பசிபிக். அங்கே நீமோ முனை என்று கடலில் ஒரு புள்ளி. அதிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மிக அருகில் உள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர் தூரம். 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே கடந்து போகும் விண்வெளி வீரர்கள்தான் பல சமயம் அந்த இடத்துக்கு மிக நெருங்கிய மனிதர்கள். வேலை முடிந்த விண்கலங்கள் பலவற்றுக்கும் அந்த வட்டாரம்தான் இடுகாடு.

விழும்போது எரிந்துவிடாதா? பெரும்பகுதி எரியும். அந்த வேகத்தில் ஓடுகிற ஒவ்வொரு கிலோ உலோகமும் சுமக்கிற ஆற்றலைக் கணக்குப் போட்டால், சுமார் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கிவிடலாம். முதலில் சோலார் பலகைகள் பிய்ந்து போகும். பிறகு நிலையத்தின் அறைகளான கூடுகள் தனித்தனியாக உடையும், ஓடு உருகும், உள்ளே இருப்பது வெளியே வரும். ஆனால் டைட்டானியம் தொட்டி, தடித்த இணைப்பு வளையம் மாதிரியானவை தப்பித்து வந்துவிடும். மீரில் இருபது டன்னுக்கு மேல் கடல் வரை வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

எரிந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2021இல் பழைய பேட்டரிகளை ஒரு தட்டோடு சேர்த்துக் கழற்றிவிட்டார்கள், எடை சுமார் 2.6 டன். முழுதாக எரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 2024 மார்ச் 8 அன்று அதில் 700 கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்து, தளத்தையும் துளைத்தது. ஒரு தட்டு பேட்டரிக்கே இப்படி என்றால் ஒரு நிலையத்துக்கு?

மீரின் கடைசி மூன்று மாதம்

எங்கள் பக்கம் தேர் ஓட்டும்போது வடம் பிடிக்க ஊரே வரும். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டு நடக்கிற ஆட்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நேரத்தில், எந்தச் சக்கரத்தில், எந்தச் சாய்வில் கட்டையைக் கொடுப்பது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சீக்கிரம் கொடுத்தால் தேர் நடுவழியில் நிற்கும், தாமதமானால் வீட்டுத் திண்ணையில் ஏறும். தேர் நிலைக்கு வந்து சேர்கிறவரை அவர்கள் கண் சக்கரத்தை விட்டு நகராது. ஒரு நிலையத்தை இறக்கும் குழுத் தலைவரின் வேலை இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் குழுவில் பாதையைக் கணக்கிடுகிறவர்கள் ஒரு பக்கம். நிலையத்தின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். எஞ்சின், மின்சாரம், தகவல் தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். இவர்கள் சொல்வது எப்போதும் ஒத்துப்போகாது. பாதைக்காரர்கள் இன்னும் இறங்கட்டும் என்பார்கள், இறங்க இறங்க எரிபொருள் மிச்சம். திசையைப் பிடிக்கிறவர்கள் இதற்கு மேல் இறங்கினால் காற்று நிலையத்தைப் புரட்டிவிடும் என்பார்கள். இரண்டும் உண்மை. எங்கே கோடு போடுவது என்பதுதான் தலைவரின் முடிவு. மீருக்கு அந்தக் கோடு சுமார் 220 கிலோமீட்டரில் விழுந்தது.

கோடு போட்டால் மட்டும் போதாது, அதுவரை நிலையம் சொன்னபடி கேட்க வேண்டும். மீருக்கு வயதாகிவிட்டது. 1997இல் உள்ளே தீப்பிடித்தது. அதே ஆண்டு சரக்கு விண்கலம் மோதி ஒரு கூடு ஓட்டையானது. கடைசிக் குழு 2000 ஜூனில் இறங்கிவிட்ட பிறகு உள்ளே ஆளில்லை. 2000 டிசம்பர் 25 அன்று தொடர்பே அறுந்துபோனது. கிட்டத்தட்ட ஒரு நாள் மீரிடமிருந்து பதிலே இல்லை. மீண்டும் பேச ஆரம்பித்தபோது அந்த அறையில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தொடர்பு திரும்பாமலே போயிருந்தால் மீர் இன்னொரு சல்யூட் 7 ஆகியிருக்கும், மூன்று மடங்கு எடையில்.

2001 ஜனவரி 24 அன்று புரோகிரஸ் எம்1-5 என்ற ஆளில்லாச் சரக்குக் கலம் கிளம்பியது. அதில் முக்கியச் சரக்கு எரிபொருள்தான், ஏறக்குறைய 2.7 டன். மூன்று நாள் கழித்து மீரில் போய் ஒட்டிக்கொண்டது. தானாக இணைய முடியாமல் போனால் நேரில் போய்ச் சரிசெய்ய ஒரு விண்வெளிக் குழுவையும் தரையில் தயாராக வைத்திருந்தார்கள். முட்டுக்கட்டை கைக்கு வந்துவிட்டது. ஆனால் உடனே கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள். பிப்ரவரி போனது, மார்ச்சும் பாதி போனது. சூரியனின் போக்கைப் பொறுத்துக் காற்றின் அடர்த்தி மாறிக்கொண்டே இருந்ததால் தேதியும் தள்ளிக்கொண்டே போனது. இந்த வேலையில் பெரும்பகுதி இப்படித் தினமும் உயரத்தை அளந்து, கணக்கைத் திருத்தி, கை வைக்காமல் இருப்பதுதான். அந்தப் பொறுமைக்கு நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன்.

மார்ச் 23, மாஸ்கோ நேரம் அதிகாலை மூன்றரை. முதல் எரிப்பு. பெரிய எஞ்சின் அல்ல, புரோகிரஸின் சிறு எஞ்சின்கள், இருபது நிமிடத்துக்கு மேல். மீரின் பாதை ஒரு பக்கம் 188, மறுபக்கம் 219 கிலோமீட்டர் என்று ஆனது. ஒரு சுற்று கழித்து இரண்டாவது எரிப்பு. இப்போது தாழ்ந்த பக்கம் 158. ஏன் ஒரேயடியாக இறக்கவில்லை? எஞ்சின் சிறியது, நிலையம் பெரியது. மொத்தத்தையும் ஒரே தள்ளில் செய்யப் பலம் போதாது. அதனால் இரண்டு படி இறங்கி நின்று, பாதையை அளந்து, கணக்கைச் சரிபார்த்து, மூன்றாவதில் முடிக்க வேண்டும். 158 கிலோமீட்டர் என்பது ரொம்பக் கீழே. அங்கே அதிக நேரம் சுற்ற முடியாது. இனி திரும்ப வழியில்லை.

காலை எட்டு மணி ஏழு நிமிடம். மூன்றாவது எரிப்பு. இந்த முறை பெரிய எஞ்சினும் சேர்ந்து எரிந்தது, மறுபடி இருபது நிமிடத்துக்கு மேல். மீர் ரஷ்யத் தரை நிலையங்களின் பார்வையில் கடந்து, ஆசியாவைத் தாண்டி, ஜப்பானை ஒட்டிப் பசிபிக்குக்குள் போனது. ஒக்கினாவா மக்களை அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். 8.44க்கு ஃபிஜித் தீவுகளின் நாடி நகர வட்டாரத்தில், 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அதைப் பிடித்தது. ஃபிஜிக் கடற்கரையில் நின்றவர்கள், ஒளிரும் துண்டுகள் நீண்ட புகைவாலோடு வானத்தில் வரிசையாகப் போவதைப் பார்த்தார்கள். படமும் பிடித்தார்கள். ஒன்பது மணி வாக்கில் மிச்சம் இருந்தது நியூசிலாந்துக்குக் கிழக்கே வெகு தொலைவில், தென் பசிபிக்கில் குறித்த இடத்தில் விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதுவரை எந்த நாடும் அவ்வளவு எடையைக் கட்டுப்பாட்டோடு இறக்கியதில்லை.

இந்த வித்தையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மேகா-டிராபிக்ஸ்-1 என்ற செயற்கைக்கோளை இஸ்ரோ 2023 மார்ச் 7 அன்று பசிபிக்கில் இறக்கியது. எடை ஒரு டன்தான், ஆனால் அது இப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல. மிஞ்சியிருந்த எரிபொருளை வைத்து, பல மாதமாகப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, கடைசி இரண்டு எரிப்பில் முடித்தார்கள்.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது

இப்போது மேலே இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 டன். மீரைப் போல மூன்று மடங்கு. முனைக்கு முனை 109 மீட்டர். முதல் கூடு 1998 நவம்பரில் போனது. 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 2030 வரை பயன்படுத்திவிட்டு, அதையடுத்து இறக்குவது என்பது நாசாவின் திட்டம்.

இதை ஏன் இன்னும் மேலே தூக்கி வைத்துக் காட்சிப் பொருளாக விடக் கூடாது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் மேலே போகப் போக விண்வெளிக் குப்பை அதிகம். ஆளில்லாத, பழுதுபார்க்க முடியாத நிலையத்தில் ஒரு துண்டு மோதினால் ஆயிரக்கணக்கான துண்டுகளாகி, அத்தனை செயற்கைக்கோளுக்கும் பகையாகிவிடும். தூக்கவே பல டன் எரிபொருள் வேண்டும். கழற்றிக் கொண்டுவரலாம் என்றால், பூட்டியதற்கே ஷட்டில்கள் பத்தாண்டுக்கும் மேல் போய்வந்தன. இன்று அவ்வளவு பெரிய பொருளைத் திருப்பிக் கொண்டுவர அந்த ஷட்டில்களும் இல்லை.

ஆரம்பத்தில் மூன்று புரோகிரஸ் கலங்களை வைத்தே இறக்கிவிடலாம் என்று யோசித்தார்கள். கணக்கைத் திரும்பப் பார்த்தபோது அது போதாது என்று தெரிந்தது. தனியாக ஒரு கலம் கட்டுவது என்று முடிவாகி, 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 84.3 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தார்கள். அந்த நிறுவனத்தின் டிராகன் கலத்தையே மாற்றி, பின்பகுதியை நீட்டி, 46 டிராக்கோ எஞ்சின்கள். 16 டன் அளவுக்கு எரிபொருள்.

எதற்கு 46? ஒவ்வொரு டிராக்கோவின் தள்ளுவிசையும் சுமார் 400 நியூட்டன்தான், தரையில் 40 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கிற அளவு. விசை குறைவாக இருந்தால் எரிப்பு ஒரு சுற்றுக்குள் முடியாது, நிலையம் ஒவ்வொரு சுற்றிலும் அடர்ந்த காற்றில் முங்கி எழும், அப்போது புரண்டுவிடும். விசை அளவுக்கு மீறினால் நீண்டு கிடக்கும் சோலார் பலகைகள் முறியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கிறது. அப்புறம், நடுவில் சில எஞ்சின் நின்றுபோனாலும் மீதியை வைத்து எரிப்பை முடிக்க வேண்டும். ஒத்திகை பார்க்க இன்னொரு நிலையம் கிடையாது. முதல் தடவையே சரியாக வர வேண்டும்.

திசையைப் பிடிப்பதும் இங்கே பெரும்பாடு. நிலையத்தின் வெளிச் சட்டத்தில் நான்கு பெரிய சுழல்சக்கரங்கள், நிமிடத்துக்கு 6,600 சுற்று வேகத்தில் பம்பரம் போலச் சுழன்று, எரிபொருள் செலவில்லாமல் அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. உயரம் குறையக் குறையக் காற்று தள்ளும், அந்தப் பம்பரங்களால் சமாளிக்க முடியாமல் போகும். அந்தக் கட்டத்தில் புதுக் கலத்தின் எஞ்சின்கள்தான் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தரையில் யாருக்காவது அடிபடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. நிலையம் ஐந்து விண்வெளி அமைப்புகளுக்குப் பொது. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, ஜப்பான், கனடா எல்லாரும் சேர்ந்துதான் இறக்க வேண்டும். குழுத் தலைவர் கணக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. வேறு வேறு மொழி பேசுகிற கட்டுப்பாட்டு அறைகள் ஒரே நொடியில் ஒரே முடிவைச் சொல்ல வைக்கவும் வேண்டும். விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை போக வேண்டும்.

அதில் இருப்பதிலேயே கடினமான முடிவு, கடைசிக் குழுவை எப்போது இறங்கச் சொல்வது என்பதுதான். ஆட்கள் இருந்தால் ஏதாவது பழுதானால் கையால் சரிசெய்யலாம். அதனால் இறக்கும் கலம் வந்து ஒட்டிக்கொண்ட பிறகும் அவர்கள் இருப்பார்கள். நிலையம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்போதும் இருப்பார்கள். கடைசி எரிப்புக்குச் சுமார் ஆறு மாதம் முன்னால் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவார்கள் என்பது இப்போதைய யோசனை. அந்த ஆறு மாதம் முழுவதும் தரையிலிருந்து அனுப்பும் கட்டளைகளை நம்பித்தான் எல்லாம்.

இறக்கும் கலம் வந்து இணையப்போவது ஹார்மனி என்ற கூட்டின் முன்பக்க வாசலில். வேகத்தைக் குறைக்க முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ள வேண்டும், அதற்குத் தோதான வாசல் அதுதான். நிலையத்தின் மிச்சக் கூடுகளைச் சுமந்துகொண்டு வந்த ஷட்டில்கள் கடைசி ஆண்டுகளில் வந்து நின்றதும் அதே முன்வாசலில்தான்.